ஊர்ல வாங்கின டிவிடி எல்லாம் அமெரிக்க டிவில ஓட வைக்கிறது எப்படி

எங்க அப்பா மொத தடவையா டாலஸ் வந்தப்ப பெட்டில துணிமணிய விட பத்திரமா கொண்டு வந்தது ரெண்டு கறுப்பு டிவிடி பவுச்தான். உள்ள 180 டிஸ்க். சம்பளம் வந்த வாரம் ஒண்ணு ரெண்டுன்னு வருஷக்கணக்கா சேர்த்தது. ஆறு மாசம் எங்களோட இருக்க வந்திருக்கார், பகல்ல நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா வீட்டுல பேச ஆள் கிடையாது, இங்க கார் இல்லாம தெருமுனைக்கு கூட போக முடியாது, அதனால அந்த டிஸ்க்குங்கதான் அவருக்கு துணைன்னு எங்களுக்கும் தெரியும்.

மொத நாள் போட்ட தமிழ்ப் படம் அழகா ஓடுச்சு. அடுத்து சென்னைல வாங்கின ஒரு இங்கிலீஷ் படத்த போட்டா ரீஜன் தப்புன்னு வருது. மூணாவதா எங்க கல்யாண டிவிடி போட்டோம், இந்த பார்மட் ஓடாதுன்னு பிளேயர் டிஸ்க்க வெளிய தள்ளிருச்சு. சரி ஊர்ல இருந்து கொண்டு வந்த பழைய பிளேயர்ல போடுவோம்னு மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரை சொருகினா படம் கறுப்பு வெள்ளையா கீழ இருந்து மேல உருண்டுக்கிட்டே இருக்கு. அப்பா "டிஸ்க் கெட்டுப்போச்சு போலப்பா"ன்னு சொன்னப்ப அவர் முகத்த பாக்க முடியல. ஆனா ஒரு டிஸ்க் கூட கெடல. அன்னிக்கு ஆரம்பிச்சு நான் தேடித் தேடி கத்துக்கிட்டத தான் இங்க எழுதறேன், இதே நிலைமைல இன்னும் எத்தனையோ பேர் வீட்டுல டிஸ்க்க குப்பைல போட்டிருப்பாங்கன்னு நெனச்சாலே மனசு கேக்கல.

முதல்ல ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கங்க. வெளிநாட்டுல டிவிடி ஓடாததுக்கு மூணு தனித்தனி காரணம் இருக்கு. ஒண்ணு ரீஜன் கோட், ரெண்டு பிஏஎல் என்டிஎஸ்சின்ற வீடியோ சிஸ்டம், மூணு கரன்ட். கடைல "ரீஜன் ப்ரீ பிளேயர்"னு போட்டிருக்கறத பாத்து எல்லாம் சரியாயிரும்னு நம்பி வாங்கிடறாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா கல்யாண டிவிடி அப்பவும் ஓடாது. ஏன்னா ரீஜன் வேற, சிஸ்டம் வேற. அமெரிக்கா கனடா வர்றவங்கள நெஜமா படுத்தறது ரீஜன் இல்ல, சிஸ்டம்தான்.

ரீஜன சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். சினிமா கம்பெனிங்க உலகத்த ஆறு துண்டா பிரிச்சு வச்சாங்க, ஒரு ஊர்ல முன்னாடியே ரிலீஸ் ஆன டிஸ்க் இன்னொரு ஊருக்கு போயிடக்கூடாதுன்னு. அமெரிக்கா கனடா 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுங்க, தென் ஆப்பிரிக்கா 2. சிங்கப்பூர், மலேசியா, தென் கொரியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா 5. சீனா 6. விமானத்துலயும் கப்பல்லயும் போடறதுக்குன்னு 8ன்னு ஒண்ணு தனியா இருக்கு. டிவிடி கவர் பின்னாடி பூமி உருண்டை மாதிரி ஒரு சின்ன படம் போட்டு உள்ள நம்பர் இருக்கும், அதுதான் ரீஜன். ஆல்னோ 0ன்னோ இருந்தா எங்கயும் ஓடும். நம்ம தமிழ், இந்திப் பட டிவிடி நிறைய ஆல் ரீஜன் தான், அதோட என்டிஎஸ்சிலயே அடிச்சு விட்டாங்க, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் விக்கணும்ல. அப்பாவோட மொத படம் ஒழுங்கா ஓடினதுக்கு காரணம் அதுதான். இந்தியால வாங்கின ஹாலிவுட் படங்க பெரும்பாலும் 5, அது அமெரிக்க பிளேயர்ல அப்படியே நிக்கும்.

இப்ப சிஸ்டம். இத கொஞ்சம் பொறுமையா படிங்க. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, துபாய் எல்லாம் பிஏஎல். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென் கொரியா, தைவான் என்டிஎஸ்சி. பிஏஎல் டிஸ்க்ல படம் 720க்கு 576 புள்ளி, செகண்டுக்கு 25 பிரேம், அதாவது 25 தனித்தனி படம். என்டிஎஸ்சில 720க்கு 480, செகண்டுக்கு 29.97 பிரேம். கரன்ட் ஓடற வேகத்த ஒட்டித்தான் அந்தக் காலத்துல டிவிய வடிவமைச்சாங்க, நம்ம ஊர்ல கரன்ட் 50 ஹெர்ட்ஸ், இங்க 60, அதுல பாதியா அங்க 25 இங்க 30னு போச்சு. அப்புறம் கலர் வந்தப்ப 30ல இருந்து துளி குறைச்சு 29.97 ஆக்கிட்டாங்க. அந்தப் பழைய முடிவுதான் இன்னிக்கும் நம்ம கல்யாண டிவிடிய அமெரிக்கால தடுத்து நிறுத்துது.

இதுல ஒரு வழிப் பாதை மாதிரி ஒரு விஷயம் இருக்கு. என்டிஎஸ்சி டிஸ்க்க பிஏஎல் நாட்டுக்கு கொண்டு போனா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா டிவியும் பிளேயரும் ரெண்டையும் ஏத்துக்கற மாதிரிதான் வரும். ஆனா பிஏஎல் டிஸ்க்க இங்க கொண்டு வந்தா, இங்க விக்கற பிளேயர் நிறைய அத தொடவே தொடாது, தொட்டாலும் டிவி பிஏஎல்லோட 50 ஹெர்ட்ஸ் சிக்னல வேணாம்னு சொல்லிரும். அதனால சிங்கப்பூர்ல இருந்து சிட்னிக்கோ சென்னைல இருந்து லண்டனுக்கோ போறவங்க ரீஜன மட்டும் பாத்தா போதும், ரெண்டு பக்கமும் பிஏஎல். லண்டன்ல இருந்து டொரான்டோ போறவங்க, சென்னைல இருந்து டாலஸ் வர்றவங்க எல்லாம் ரெண்டையும் பாக்கணும்.

என்ன கோளாறுன்னு திரைய பாத்தே கண்டுபிடிச்சிடலாம். ரீஜன்னு எழுத்துல சொன்னா ரீஜன். படம் கறுப்பு வெள்ளையா உருண்டா சிஸ்டம், அதாவது பிளேயர் பிஏஎல்ல அனுப்புது டிவிக்கு அந்தக் கலர் புரியல. ஹெச்டிஎம்ஐ வயர்ல போட்டு "சிக்னல் இல்ல", "சப்போர்ட் இல்ல"ன்னு டிவி சொன்னா அதுவும் அனேகமா 50 ஹெர்ட்ஸ் பிரச்சனைதான். படம் வருது சத்தம் மட்டும் வரலன்னா அது இந்த மூணுலயும் சேராது, பிளேயர் செட்டிங்ல ஆடியோவ பிசிஎம்னு மாத்திப் பாருங்க, முக்கால்வாசி சரியாயிரும்.

அப்ப என்ன வாங்கணும்? ரீஜன் ப்ரீன்னு மட்டும் இருந்தா பத்தாது, பிஏஎல்ல இருந்து என்டிஎஸ்சிக்கு மாத்திக் குடுக்கற வசதி பிளேயருக்குள்ளயே இருக்கணும். பெட்டில, விவரத்துல அந்த வார்த்தை தெளிவா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கடைக்காரர்கிட்ட "பிஏஎல் டிஸ்க்க சாதாரண அமெரிக்க டிவில காட்டுமா"ன்னு நேரா கேளுங்க. ஹெச்டிஎம்ஐ இருக்கறதா வாங்குங்க, புது டிவில மஞ்சள் சிவப்பு வெள்ளை ஓட்டை இல்லாமயே வருது. நான் மொதல்ல விலை கம்மின்னு ஒண்ணு வாங்கினேன், மாத்தித்தான் குடுத்துச்சு, ஆனா கேமரா பக்கவாட்டுல நகர்ற காட்சியெல்லாம் தத்தித் தத்தி போச்சு. 25 பிரேம 30 ஆக்கும்போது நடுவுல பிரேம திரும்பத் திரும்ப காட்டி நிரப்பறதால வர்ற தத்தல் அது. கொஞ்சம் நல்ல பிளேயர்ல அது ரொம்ப குறையும். முடிஞ்சா திருப்பிக் குடுக்கற வசதி இருக்கற கடைல வாங்கி, முதல் நாளே ஒரு பிஏஎல் டிஸ்க்க போட்டு, ஆட்டமும் நடையும் இருக்கற ஒரு பாட்டு சீன பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வாங்கினதும் செட்டிங் மெனுல டிவி சிஸ்டம்னு இருக்கற இடத்துல என்டிஎஸ்சின்னு வைங்க. ஆட்டோன்னு வைக்காதீங்க, ஆட்டோல பிஏஎல் டிஸ்க்க பிஏஎல்லாவே அனுப்பிரும், அப்புறம் திரை கறுப்பாயிடும், மெனுவும் தெரியாது, திரும்ப மாத்தவும் முடியாது. அப்படி மாட்டிக்கிட்டா பயப்பட வேணாம், நிறைய ரிமோட்ல என்/பி இல்லனா பி/என்னு ஒரு பட்டன் இருக்கும், டிஸ்க்க எடுத்துட்டு அத ஒவ்வொரு தடவையா அமுக்கி கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, படம் திரும்ப வந்துரும். இன்னொண்ணு, ரீஜன் ப்ரீ பிளேயர்ல அமெரிக்க டிஸ்க் ஒண்ணு ரெண்டு உலக வரைபடத்த காட்டி ஓட மாட்டேன்னு அடம் பிடிக்கலாம். 2000ல இருந்து சில டிஸ்க்ல பிளேயர் 0ல இருக்கான்னு பாத்து மறிக்கிற ஒரு சோதனை சேத்திருந்தாங்க. ரீஜன 0ல இருந்து 1க்கு கையால மாத்தினா ஓடிரும்.

ப்ளூரேவும் வச்சிருக்கீங்கன்னா அதோட கணக்கே தனி. அங்க ஏ, பி, சின்னு மூணு தான். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் ஏ, பிரிட்டன், ஆஸ்திரேலியா பி, இந்தியா, இலங்கை சி. ப்ளூரே பிளேயர்ல டிவிடிக்கு ஒரு பூட்டு, ப்ளூரேக்கு ஒரு பூட்டுன்னு ரெண்டு இருக்கும், ஒண்ணத் திறந்தா இன்னொண்ணு திறக்கும்னு நெனைக்காதீங்க.

பணம் செலவு பண்ண இஷ்டம் இல்லன்னா, இல்ல பிளேயர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலன்னா, லேப்டாப்தான் சுலபமான வழி. கம்ப்யூட்டர் திரைக்கு பிஏஎல், என்டிஎஸ்சின்ற பேதமே கிடையாது, எந்த சிஸ்டம் டிஸ்க்கா இருந்தாலும் காட்டும், அங்க இருந்து ஹெச்டிஎம்ஐ வயர்ல டிவிக்கு கொண்டு போயிடலாம். இப்ப வர்ற லேப்டாப்ல டிவிடி டிரைவ் இல்லாததால யுஎஸ்பில சொருகற டிரைவ் ஒண்ணு வாங்கணும். அத நேரா டிவியோட யுஎஸ்பில சொருகினா ஓடாது, டிவி அதுல பென்டிரைவ் மாதிரிதான் எதிர்பாக்கும், இத என்கிட்ட எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. விண்டோஸ் 8ல இருந்தே டிவிடி ஓட்டற வசதிய எடுத்துட்டாங்க, அதனால விஎல்சின்ற பிளேயர போட்டுக்கங்க, இலவசம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன மொத்தம் அஞ்சு தடவைதான் மாத்தலாம், அஞ்சாவது தடவை வச்சது அப்படியே நிரந்தரமா நின்னுரும். விண்டோஸ புதுசா போட்டாலும் மாறாது, ஏன்னா எண்ணிக்கை டிரைவுக்குள்ளயே பதிவாகுது. "ரீஜன மாத்தட்டுமா"ன்னு கேக்கும்போதெல்லாம் சரி சரின்னு அமுக்கிட்டே போகாதீங்க. நான் ரெண்டு டிரைவ் வாங்கி ஒண்ண 5லயும் ஒண்ண 1லயும் வச்சுட்டேன், மேல ஸ்கெட்ச் பேனாவால நம்பர் எழுதி வச்சாச்சு.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சினிமா டிஸ்க் போனா இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு வேற எங்கயாவது கிடைக்கும். கல்யாணம், வளைகாப்பு, காது குத்து, தாத்தாவோட அறுபதாம் கல்யாணம், இதெல்லாம் வீடியோகாரர் எழுதிக் குடுத்த ஒரே ஒரு டிஸ்க்ல இருக்கும். அது அச்சடிச்ச டிஸ்க் இல்ல, சாயத்துல லேசர் வச்சு எழுதினது, வெயிலும் சூடும் ஈரமும் பட்டா சினிமா டிஸ்க்க விட சீக்கிரம் போயிரும். அதனால மொத வேலையா இதுங்கள கம்ப்யூட்டருக்கு மாத்துங்க, பிளேயர் வாங்கறதெல்லாம் அப்புறம். இது உங்க சொந்த வீடியோ, காப்பி எடுக்க விடாத பூட்டு எதுவும் கிடையாது. கடைல வாங்கின சினிமா டிஸ்க் அப்படி இல்ல, அதுல பூட்டு இருக்கும், அமெரிக்கால 1998ல வந்த டிஎம்சிஏன்ற பதிப்புரிமைச் சட்டப்படி அத உடைச்சு காப்பி எடுக்கறது தப்பு. நம்ம வீட்டு விசேஷ டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்ல.

டிரைவ்ல போட்டு டிஸ்க்க திறந்தா வீடியோ_டிஎஸ் (VIDEO_TS)னு ஒரு போல்டர் இருக்கும். மொதல்ல அத முழுசா அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க, ஒரு சாதாரண டிஸ்க் 4.7 ஜிபிக்கு மேல வராது. அதுதான் உங்க மூலப் பிரதி, அத அழிக்காதீங்க. அப்புறம் ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, அதுல இந்த போல்டர குடுத்து எம்பி4 ஆக்கிக்கலாம். ரெண்டு செட்டிங் பாத்துக்கங்க. பிரேம் ரேட்ட மூலத்துல இருக்கற மாதிரியே விடுங்க, 30 ஆக்கினா அந்த தத்தல் வந்துரும். டிஇன்டர்லேஸ்னு இருக்கறத ஆன் பண்ணுங்க, இல்லன்னா தாலி கட்டற நேரத்துல கை அசையறப்பல்லாம் ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும், பழைய வீடியோ கேமரா ஒத்தப்படை வரி, ரெட்டப்படை வரின்னு பிரிச்சு எடுத்ததால வர்றது அது. எம்பி4 ஆனதும் பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகிப் பாருங்க. பெரும்பாலான டிவில ஓடிரும், தப்பித்தவறி ஓடலன்னாலும் லேப்டாப்ல கண்டிப்பா ஓடும். ஒரு காப்பி ஊர்ல அண்ணன்கிட்டயோ தங்கச்சிகிட்டயோ இருக்கட்டும்.

டிஸ்க் சிக்கி சிக்கி படிச்சா உடனே தூக்கிப் போடாதீங்க. மெல்லிசான பருத்தித் துணிய லேசா நனைச்சு நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க, வட்டமா துடைக்கக்கூடாது, வட்டக் கீறல் தான் லேசர ரொம்ப குழப்பும். அப்பவும் படிக்கலன்னா வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, எங்க வளைகாப்பு டிஸ்க் மூணாவது டிரைவ்லதான் முழுசா வந்துச்சு, எங்க பாட்டி பாடின நலங்குப் பாட்டு அதுலதான் இருக்கு, அது வந்த அன்னிக்கு நான் அழுதுட்டேன். கைல வச்சு எடுக்கற கேமராவோட 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க் இருந்தா, வாய் மாதிரி உள்ள இழுக்கற டிரைவ்ல போடவே போடாதீங்க, உள்ளயே மாட்டிக்கும். தட்டு வெளிய வர்ற டிரைவ்தான் அதுக்கு.

விசிடியும் வச்சிருப்பீங்க, நம்ம ஊர்ல ரொம்ப நாள் அதுதானே ஓடுச்சு. அதுக்கு ரீஜனே கிடையாது, ஆனா இங்க நிறைய பிளேயருக்கு விசிடின்னா என்னன்னே தெரியாது, அமெரிக்கால அது பெருசா வரவே இல்ல. லேப்டாப்ல போட்டு எம்பெக்ஏவி (MPEGAV)ன்ற போல்டர்ல .dat னு முடியற பைல விஎல்சில திறங்க, ஓடும்.

கரன்ட் விஷயம். பிளேயர் பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 100-240னு இருந்தா எந்த ஊர்லயும் ஓடும், பிளக் மாத்தற அடாப்டர் மட்டும் போதும். 230னு மட்டும் இருந்தா இங்க இருக்கற 120 வோல்ட்டுக்கு உயிரே வராது, வோல்ட்ட ஏத்திக் குடுக்கற டிரான்ஸ்பார்மர் வேணும், அந்தக் காசுக்கு இங்க புது பிளேயரே வாங்கிடலாம். தலைகீழா போனாதான் ஆபத்து. எங்க சித்தப்பா பையன் இங்க வாங்கின 120 வோல்ட் பிளேயர மதுரைக்கு கொண்டு போய் அடாப்டர் மட்டும் மாட்டி சொருகினான், டப்புன்னு ஒரு சத்தம், ஒரு கருகின வாசனை, அவ்வளவுதான். அடாப்டர் பிளக்கோட வடிவத்த மட்டும்தான் மாத்தும், வோல்ட்ட மாத்தாது. ஊர்ல இருந்து டிவியவே அனுப்பலாமான்னு சிலர் கேக்கறாங்க, வேணாம், ஹெச்டிஎம்ஐல ஓடினாலும் இங்க ஆன்டனால வர்ற சேனல அது எடுக்காது, அனுப்பற கூலியும் கட்டுபடியாகாது.

இன்னும் கிளம்பாம ஊர்லயே இருக்கறவங்களுக்கு பெட்டி கட்டறத பத்தி. கவரோட ஒரு டிவிடி கிட்டத்தட்ட 100 கிராம் வரும், டிஸ்க் மட்டும்னா 16 கிராம்தான். அப்பாவோட 180 டிஸ்க் கவரோட வந்திருந்தா 18 கிலோ, ஒரு பெட்டிக்கு குடுக்கற 23 கிலோல மிச்சம் என்ன இருக்கும். பவுச்ல போட்டதால டிஸ்க்குங்க எடை 3 கிலோக்குள்ள முடிஞ்சுது. கவர் பேப்பர மட்டும் உருவி டிஸ்க் பின்னாடியே வச்சுக்கங்க, ரீஜன் நம்பரும் பிஏஎல்லா என்டிஎஸ்சியான்றதும் அதுலதான் இருக்கு. பவுச்ச கைப்பைல வைங்க. வீட்டு விசேஷ டிஸ்க்க கிளம்பறதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துடுங்க.

எல்லாம் சரியாகி ஓட ஆரம்பிச்சதும் அப்பா ஒண்ணு கண்டுபிடிச்சார். ஒரு பிஏஎல் டிஸ்க்ல பாட்டு கேட்டுட்டு, சுருதி கொஞ்சம் ஏறி இருக்கேன்னார். அவர் காது சொன்னது நெஜம். சினிமா எடுக்கறது செகண்டுக்கு 24 பிரேம், பிஏஎல் டிஸ்க்ல அத 25ஆ ஓட்டிடறாங்க, அதனால 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிரும், குரலும் அரைக்கட்டைக்கு கொஞ்சம் கம்மியா மேல போயிரும். விஎல்சில வேகத்த 0.96னு வச்சா படத்தோட சொந்த வேகம் வந்துரும், ஆனா அதுல சுருதி மாறாம பிடிச்சு வைக்கிற ஒரு ஆப்ஷன் ஆடியோ செட்டிங்ல இருக்கும், டைம் ஸ்ட்ரெட்சிங்னு பேரு, அத எடுத்து விட்டாதான் குரலும் இறங்கும். இன்னொண்ணும் அவர்தான் கேட்டார், ஏன் படம் நடுவுல சின்னதா இருக்கு நாலு பக்கமும் கறுப்பா இருக்குன்னு. பழைய டிவிடில அகலப் படத்த பழைய சதுர டிவிக்குள்ள அடக்கி அச்சடிச்சிருக்காங்க, டிவி ரிமோட்ல ஜூம்னு இருக்கறத அமுக்கினா திரை நிறைஞ்சிரும்.

இப்ப எங்க வீட்டு பிளேயர் ரிமோட்ல மூணு பட்டன் மேல மட்டும் சின்னதா வெள்ளை டேப் ஒட்டி அம்மா கையெழுத்துல எழுதியிருக்கு, "ஓட்டு", "நிறுத்து", "படம் போயிட்டா இது". மூணாவதுதான் அந்த என்/பி பட்டன்.